பின் எண் கேட்காத அட்டை, பொறுப்பேற்காத வங்கி

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகச் செல்லும் ரயில்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பெங்களூருவுக்குச் சுமந்து செல்கின்றன. நூற்றிருபது ஆண்டுகள் தங்கம் வெட்டிய மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தலைநகரின் ஆலைகளிலும், கட்டுமான இடங்களிலும், காவல் பணியிலும், துப்புரவுப் பணியிலும் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கின்றனர். அவர்களில் பெரும்பாலோரின் சட்டைப்பையில் இன்று ஒரு வங்கி அட்டை இருக்கிறது. அந்த அட்டையின் முகப்பில், ஒலி அலைபோல் வளைந்த நான்கு சிறு கோடுகள் அச்சாகியிருக்கின்றன. கருவியின் அருகே காட்டினால் போதும், பின் எண் தேவையில்லை, பணம் போய்விடும் என்பது அக்கோடுகளின் பொருள்.

இது வசதி என்றும் பாதுகாப்பு என்றும் வங்கிகளும் அட்டை நிறுவனங்களும் ஓயாமல் விளம்பரம் செய்கின்றன. தொழிலாளி வர்க்கம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வசதி யாருக்கு? அட்டை தொலைந்து பணம் பறிபோனால் இழப்பு யாருக்கு?

அச்சம் வேறு, ஆபத்து வேறு

முதலில் ஒரு தவறான அச்சத்தை விலக்கிவிட வேண்டும். நெரிசலான ரயிலில் பக்கத்தில் நிற்பவன் ஒரு கருவியைச் சட்டைப்பையருகே கொண்டுவந்து பணத்தை உறிஞ்சிவிடுவான் என்று பரவும் செய்திகள் பெரும்பாலும் மிகைப்படுத்தப்பட்டவை. இந்த அட்டைகள் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் மட்டுமே இயங்குபவை. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சில்லு ஒரு புதிய மறைக்குறியீட்டை உருவாக்குகிறது. ஒருமுறை பயன்பட்ட குறியீட்டை மறுமுறை பயன்படுத்த இயலாது. பழைய காந்தப்பட்டை அட்டையைத் தேய்க்கும்போது நகலெடுத்ததுபோல் இதை எளிதில் நகலெடுக்க முடியாது. பணம் எந்த வணிகக் கணக்குக்குச் சென்றது என்பதும் வங்கியின் பதிவேட்டில் இருக்கும். இவ்வளவும் உண்மை.

ஆனால் இதைக் கொண்டு “எந்த ஆபத்தும் இல்லை” என்று முடிவு கட்டுவது ஏமாற்று. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்துக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் ஒரு குறைபாட்டை வெளியிட்டனர். பின் எண் கட்டாயம் கேட்கப்பட வேண்டிய பெருந்தொகையையும், இரண்டு கைபேசிகளை இடையில் வைத்து, பின் எண் இல்லாமலே விசா அட்டையிலிருந்து செலுத்த முடியும் என்று அவர்கள் செய்து காட்டினர். இதற்கு மேதைத் திருடர் தேவை. அன்றாட ஆபத்துக்கு மேதை யாரும் தேவையில்லை. ரயில் நெரிசலில் அட்டை தொலைகிறது. கண்டெடுத்தவரோ திருடியவரோ அதை ஒரு கடையின் கருவியில் காட்டுகிறார். கருவி எதையும் கேட்பதில்லை. பணம் போகிறது. இங்கே தொழில்நுட்பம் பழுதுபடவில்லை. எப்படி வடிவமைக்கப்பட்டதோ அப்படியே இயங்குகிறது. அதுதான் சிக்கல்.

ஐயாயிரம் ரூபாய் யாருக்குச் சிறுதொகை?

2015 மே மாதத்தில் இந்திய ரிசர்வ் வங்கி, 2,000 ரூபாய் வரையிலான தொடுகையற்ற அட்டைப் பரிவர்த்தனைகளுக்குப் பின் எண் வேண்டாம் என்று விதியைத் தளர்த்தியது. 2021 ஜனவரி 1 முதல் இந்த வரம்பு 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் கருவியைத் தொடாமல் பணம் செலுத்துவது நலம் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. தொற்று அலைகள் ஓய்ந்தன, வரம்பு கீழிறங்கவில்லை.

“சிறுதொகைப் பரிவர்த்தனை” என்பது இதற்குச் சூட்டப்பட்ட பெயர். பணியாளர் ஓய்வூதியத் திட்டம் 1995இன் கீழ் வழங்கப்படும் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட இத்தொகையை உயர்த்தக் கோரி முதியோர் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றனர். அந்த ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் ஒருவருக்கு 5,000 ரூபாய் என்பது ஐந்து மாத வாழ்வு. ஐந்து மாத வாழ்வை ஒரே தட்டலில், ஒரு கேள்வியும் இல்லாமல் எடுத்துவிடலாம் என்று விதி வகுத்தவர்கள், அதைச் சிறுதொகை என்கிறார்கள். மும்பையின் நிதி மாளிகையில் அமர்ந்து பார்த்தால் அது சிறுதொகையாகத்தான் தெரியும். ஆண்டர்சன்பேட்டையின் தகரக்கூரை லயன் வீட்டிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியாது.

வரம்புக்குள் நாளொன்றுக்கு எத்தனை முறை தட்டலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரமும் வங்கிகளிடமே விடப்பட்டுள்ளது. ஒரு வங்கியில் ஒரு கணக்கு, மற்றொன்றில் வேறு கணக்கு. கணக்குக்கு உரியவரை யாரும் கேட்டதில்லை.

2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல விதியையும் பிறப்பித்தது. புதிய அட்டைகளில் ஏ.டி.எம். பயன்பாடும் கடைக் கருவியில் செருகும் பயன்பாடும் மட்டுமே தொடக்கத்தில் இயங்க வேண்டும். தொடுகையற்ற வசதியை வாடிக்கையாளர் கேட்டால் மட்டுமே திறக்க வேண்டும். விரும்பும்போது அடைக்கவும் வரம்பைக் குறைக்கவும் அவருக்கு வழி இருக்க வேண்டும் என்பதே அது. ஆனால் அந்தப் பூட்டின் சாவி நடைமுறையில் எங்கே இருக்கிறது? திறன்பேசிச் செயலியில், இணைய வங்கியில், எண்களை அழுத்தச் சொல்லும் தொலைபேசிக் குரலில். சாதாரணக் கைபேசி வைத்திருக்கும் முதியவருக்கும், பிறர் துணையோடு ஏ.டி.எம். செல்லும் பெண்ணுக்கும் அந்தச் சாவி எட்டாத உயரத்தில் தொங்குகிறது. வேலைக்கு ஆள் சேர்க்கும் ஒப்பந்ததாரர் சம்பளக் கணக்குக்கு மொத்தமாகக் கையெழுத்து வாங்கும்போது, எந்தக் கட்டத்தில் எதற்குச் சம்மதம் தரப்பட்டது என்பதைத் தொழிலாளி எப்படி அறிவார்?

மூன்று நாள் கெடு

பணம் பறிபோன பின் நடப்பது என்ன? 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதை ஒழுங்குபடுத்துகிறது. தவறு வங்கியுடையதானால் இழப்பு முழுவதும் வங்கிக்கே. வங்கியும் வாடிக்கையாளரும் அல்லாத மூன்றாம் இடத்தில் தவறு நேர்ந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் தருபவருக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் என்றால் கணக்கின் வகைக்கேற்ப ஒரு வரம்பு வரை வாடிக்கையாளர் இழப்பைச் சுமக்க வேண்டும். எளிய மக்களுக்கான அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அவ்வரம்பு 5,000 ரூபாய். ஏழு நாள் கடந்தால் வங்கியின் விருப்பம். வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று முடிவானால், புகார் தரும் வரை நேர்ந்த இழப்பு முழுவதும் அவர் தலையில்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பின் எண் இல்லாமல் ஒரே தட்டலில் எடுக்கத்தக்க தொகை 5,000. நான்காம் நாள் வந்து புகார் சொல்லும் ஏழைக் கணக்காளர் சுமக்க வேண்டிய உச்ச இழப்பும் 5,000. அதாவது ஒரு தட்டலில் போகக்கூடிய பணம் முழுவதையும், ஒரு நாள் தாமதத்துக்காக, அவரே இழக்க விதி இடமளிக்கிறது.

விடியலில் ரயிலேறி இரவில் வீடு திரும்பும் ஒருவர், வங்கிக் கிளை திறந்திருக்கும் நேரத்தில் ஊரில் இருப்பதில்லை. கிளைக்குச் செல்ல ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். குறுஞ்செய்தியைப் படிக்க வீட்டில் பிள்ளைகள் திரும்பும்வரை காத்திருக்கும் முதியோர் உண்டு. பெரும்பான்மையோர் தமிழ் பேசும் தங்கவயலில் ஆங்கிலத்தில் வரும் எச்சரிக்கை எத்தனை பேருக்கு எச்சரிக்கையாகும்? மூன்று நாள் என்பது அலுவலக மேசையில் அமர்ந்திருப்பவருக்கு நீண்ட அவகாசம். தினக்கூலிக்கு அது பொறி.

கவனக்குறைவு என்ற சொல்லையும் உற்றுநோக்க வேண்டும். பின் எண்ணைப் பிறரிடம் சொன்னார், கடவுச்சொல்லைக் காக்கத் தவறினார் என்று வாடிக்கையாளரைக் குற்றம் சாட்டலாம். அதில் ஒரு தர்க்கமேனும் உண்டு. ரகசியமே கேட்கப்படாத பரிவர்த்தனையில் எந்த ரகசியத்தை அவர் காக்கத் தவறினார்? காவலாளி வேண்டாம் என்று கதவைத் திறந்துவைத்தது வங்கி. வீடு கொள்ளை போன பின், விழித்திருக்கவில்லை என்று வீட்டுக்காரரைக் கேட்பதும் அதே வங்கி. பின் எண்ணை நீக்கியது வாடிக்கையாளரின் முடிவு அல்ல. ஆகவே அந்த முடிவின் விளைவும் அவருடையதாக இருக்க முடியாது.

பெரும் உடைப்புகள் நேர்ந்த இடமும் மக்களின் சட்டைப்பை அல்ல. 2016 அக்டோபரில் சுமார் 32 லட்சம் பற்று அட்டைகளின் விவரங்கள் கசிந்ததாக வங்கிகள் அறிந்தபோது, கசிவு நேர்ந்தது ஏ.டி.எம். சேவை வழங்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் அமைப்பில். 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியிலிருந்து சுமார் 94 கோடி ரூபாய் கொள்ளை போனபோது, ஊடுருவப்பட்டது வங்கியின் கணினிகளே. “விழிப்புடன் இருங்கள்” என்ற உபதேசம் மட்டும் எப்போதும் மக்களுக்கு!

தங்கவயலின் கைரேகைப் பாடம்

அடையாளம், கண்காணிப்பு, பாதுகாப்பு என்ற சொற்கள் தங்கவயலுக்குப் புதியவை அல்ல. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே காலூன்றிய பின், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வறுமையாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்டு வந்த தலித் மக்களின் உழைப்பில்தான் சுரங்கங்கள் ஆழ்ந்தன. தங்கத் திருட்டைத் தடுப்பது என்ற பெயரில் தொழிலாளி ஒவ்வொருவரும் திருடராகவே நடத்தப்பட்டார். 1930ஆம் ஆண்டில் நிர்வாகம் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய முனைந்தது. தொழிற்சங்கம் என்று சொல்லத்தக்க அமைப்பு வேரூன்றாத அந்நாளிலேயே சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிச் சுரங்கங்களை முடக்கினர். அதே மண்ணில்தான் பின்னாளில் செங்கொடி உயர்ந்தது. 1946 நவம்பர் 4 அன்று துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் நீத்தனர்.

அந்த 1930ஆம் ஆண்டுத் தொழிலாளர்கள் விஞ்ஞானத்துக்கு எதிரிகளா? இல்லை. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அதை எவரும் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த மின்சாரம் வந்தது சுரங்க இயந்திரங்களை ஓட்டுவதற்காக. தொழில்நுட்பம் யார் கையில் இருக்கிறதோ அவர் தேவைக்கே முதலில் ஓடும் என்பதைத் தங்கவயல் நேரில் கண்ட ஊர். கைரேகைப் பதிவில் அவர்கள் எதிர்த்தது மையை அல்ல, ஒருதலையான பொறுப்பை. தொழிலாளி தன்னை நிறுவனத்திடம் மெய்ப்பிக்க வேண்டும். நிறுவனம் தொழிலாளியிடம் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டை.

அந்த ஏற்பாடு இன்று புதிய உடையில் திரும்பியிருக்கிறது. ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவில் விரல் ரேகையே சாவி. 2023இல் கர்நாடகத்தில், சொத்துப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளும் ஆதார் எண்களும் திருடப்பட்டு, அவற்றைக் கொண்டு வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக வழக்குகள் பதிவாயின. பின் எண் திருடு போனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியுமா? ஓரிடத்தில் ஏழையிடம் ரேகை கேட்கிறார்கள். மற்றோரிடத்தில் எதுவுமே கேட்காமல் பணத்தை எடுக்க விடுகிறார்கள். இரண்டிலும் முடிவு செய்தவர் வேறு, இழப்பைச் சுமப்பவர் வேறு.

வசதியின் விலை

வசதி இல்லை என்று யாரும் வாதிட வேண்டியதில்லை. வரிசை குறைகிறது, சில்லறைத் தொல்லை தீர்கிறது, இரவில் திரும்பும் பெண் கையில் ரொக்கம் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒயிட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் ரயிலிலிருந்து இறங்கி மெட்ரோவுக்கு ஓடும் தொழிலாளிக்கு, தட்டினால் திறக்கும் வாயில் சில நிமிடங்களை மிச்சப்படுத்துகிறது. ரொக்கமே விடுதலை என்று கொண்டாடுவதும் பிழை. கணக்கில் வராத ரொக்கக் கூலிதான் ஒப்பந்ததாரரின் ஆயுதம். கூலியை வங்கி வழியாகத் தர வேண்டும், அதற்கேற்ப வருங்கால வைப்புநிதி செலுத்த வேண்டும் என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை.

ஆனால் விளம்பரம் சொல்லும் வசதிக்கு விலை உண்டு, அதைச் செலுத்துவோரும் உண்டு. பற்று அட்டையில் கடைக்காரர் பெறும் தொகையில் ஒரு பங்கு கட்டணமாகக் கழிக்கப்படுகிறது. 2018 முதல் சிறு வணிகருக்கு 0.40 விழுக்காடு வரை, மற்றவருக்கு 0.90 விழுக்காடு வரை என்பது ரிசர்வ் வங்கி வகுத்த உச்சவரம்பு. ரூபே பற்று அட்டைக்கும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி முதல் இக்கட்டணம் இல்லை. ஆனால் விசா, மாஸ்டர்கார்டு என்ற அந்நிய நிறுவனங்களின் அட்டைகளுக்கு உண்டு. ராபர்ட்சன்பேட்டைச் சந்தையின் காய்கறிக் கடைக்காரருக்கு அந்தப் பங்கு லாபத்திலிருந்து போகும் பங்கு. யு.பி.ஐ. பரிவர்த்தனைகளிலோ, வால்மார்ட்டுக்குச் சொந்தமான போன்பேயும் கூகுள் பேயும் மட்டுமே ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கைப்பற்றியுள்ளன. ஒரு நிறுவனத்துக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்ற வரம்பைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2026 இறுதி வரை தள்ளிவைத்துவிட்டது.

ஏழைகளின் கணக்குகள் பட்ட பாடு தனிக்கதை. பாரத ஸ்டேட் வங்கி, அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளில் மாதம் நான்கு முறைக்கு மேல் நடக்கும் ஒவ்வொரு பற்றுக்கும், மின்னணுப் பரிவர்த்தனை உட்பட, 17.70 ரூபாய் பிடித்தது. 2015–20 காலத்தில் இவ்வாறு 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானதை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வு அம்பலப்படுத்தியது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற குற்றத்துக்குப் பொதுத்துறை வங்கிகள் 2019–20 முதல் 2023–24 வரையிலான ஐந்தாண்டுகளில் சுமார் 8,500 கோடி ரூபாய் தண்டம் வசூலித்ததை ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஜன்தன் கணக்கின் விபத்துக் காப்பீடு வேண்டுமானால், விபத்துக்கு முந்தைய 90 நாள்களுக்குள் ரூபே அட்டையை ஒருமுறையேனும் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பணமில்லாதவர் செத்தாலும் பரிவர்த்தனை காட்ட வேண்டும்!

2016 நவம்பர் 8 இரவில் புழக்கத்திலிருந்த பணத்தின் 86 விழுக்காட்டைச் செல்லாததாக்கியவர்கள், கறுப்புப்பணம் ஒழியும் என்றார்கள். 99 விழுக்காட்டுக்கு மேல் வங்கிக்கே திரும்பியதும், “ரொக்கமற்ற இந்தியா” என்று பேச்சை மாற்றினார்கள். மாற்று வழியாக ரொக்கம் நிலைத்திருந்தால்தான் அட்டை வசதியாகும். ரொக்கம் எடுக்கவே கட்டணம், கிளையில் ஊழியர் பற்றாக்குறை, ஏ.டி.எம்.மில் பணமின்மை என்று பிற கதவுகளை அடைத்துவிட்டு ஒரு கதவை மட்டும் திறந்துவைத்தால், அதன் பெயர் வசதி அல்ல, கட்டாயம். இலவச எண்ணிக்கை கடந்த ஏ.டி.எம். பயன்பாட்டுக்கு 2025 மே 1 முதல் 23 ரூபாய் வரை வசூலிக்கலாம் என்று அனுமதித்ததும் இதே ரிசர்வ் வங்கிதான். ரொக்கப் புழக்கம் வெகுவாகக் குறைந்த சுவீடனிலேயே, பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையைத் தொடர வேண்டும் என்று 2021 முதல் சட்டம் கட்டாயமாக்கியது. நார்வே 2024 அக்டோபரில், கடைகளில் ரொக்கமாகச் செலுத்தும் உரிமையை வலுப்படுத்தியது. முதலாளித்துவ நாடுகளே உணர்ந்த பாடம் இது.

கோர வேண்டியவை

தொழிலாளி வர்க்கம் அட்டையை உடைக்கச் சொல்லவில்லை. அட்டைக்குப் பின்னால் இருக்கும் பொறுப்பை நேராக்கச் சொல்கிறது.

பின் எண் இல்லாமல் நடக்கும் பரிவர்த்தனையில் மோசடி நேர்ந்தால், கெடு எதுவும் இன்றி, இழப்பு முழுவதையும் வங்கியே ஏற்க வேண்டும். வாடிக்கையாளரே மோசடி செய்தார் என்றால் அதை வங்கி மெய்ப்பிக்கட்டும். வங்கியின் பணம் போகும் என்ற நிலை வந்தால், எத்தனை தட்டல்களுக்குப் பின் ஒருமுறை பின் எண் கேட்க வேண்டும் என்பதை வங்கிகளே வேகமாகக் கண்டுபிடித்துவிடும்.

பின் எண் இல்லாத உச்சவரம்பு, கணக்காளர் தாமே எழுதிக் கேட்கும் தொகையாக இருக்க வேண்டும். அவர் கேட்கும்வரை வசதி அடைபட்டே இருக்க வேண்டும் என்ற 2020ஆம் ஆண்டு விதி ஒவ்வொரு வங்கியிலும் தணிக்கை செய்யப்பட வேண்டும். சாதாரணக் கைபேசியிலிருந்து கட்டணமில்லாத ஒரே அழைப்பில் அட்டையை முடக்க வழி வேண்டும். எச்சரிக்கைச் செய்திகள் இலவசமாகவும், கணக்காளர் தேர்ந்தெடுக்கும் மொழியிலும் வர வேண்டும். தங்கவயலில் அது கன்னடமாகவும் தமிழாகவும் தெலுங்காகவும் உருதுவாகவும் இருக்கலாம். ரொக்கமாகச் செலுத்தும் உரிமையும், வங்கியிலிருந்து கட்டணமின்றி ரொக்கம் பெறும் உரிமையும் சட்டமாக வேண்டும். கிளைகளில் காலிப் பணியிடங்களை நிரப்பி, உழைப்பாளர் ஊர்களில் மாலை நேரச் சேவை தொடங்க வேண்டும்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத தங்கச் சுரங்க நிறுவனத்தை ஒன்றிய அரசு மூடியபோது, சுரங்கத் தொழிலாளர்களின் வாழ்வைத் துண்டிக்க ஓர் உத்தரவு போதுமாயிருந்தது. நிலுவைக்காகவும் குடியிருப்பு உரிமைக்காகவும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். எடுப்பதற்கு நொடி, கொடுப்பதற்கு ஆண்டுகள் என்பதே மூலதனத்தின் கடிகாரம். வங்கி ஊழியர் சங்கங்களும், ஒப்பந்தத் தொழிலாளர் சங்கங்களும், ஓய்வூதியர் அமைப்புகளும் ஒன்றுபட்டு எழுப்பினால் மேற்கண்ட கோரிக்கைகள் ஒவ்வொன்றும் வெல்லக்கூடியவை. அவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை ஒன்றும், நாடாளுமன்றத்தின் சட்டம் ஒன்றும் போதும். அவற்றைப் பிறப்பிக்க வைக்கும் போராட்டமே இன்றைய தேவை.